இல்லை, சார்

கூட்டம் முடிந்து படகு ஜெட்டிக்குக் கிளம்பியதிலிருந்து யோகராசா எதிரே உட்கார்ந்திருந்த லூக்காஸின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். விரல்கள் விசிறி மாதிரி அகன்று கிடந்த கால்கள், செருப்புக்குப் பழகாதவை, இடது பாதத்தில் பவளப்பாறை கிழித்த தழும்பு ஒன்று வெள்ளையாக ஓடியது. அந்தத் தழும்பு விழுந்த அன்றைக்கு யோகராசாவும் கூட இருந்தான், இரண்டு பேரும் பொடியன்கள், ரத்தத்தைப் பார்த்து அழுதது அடிபட்டவன் இல்லை, இவன்தான், அடிபட்டவன் நொண்டிக்கொண்டே இவன் தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தான். இப்போது எதற்கு அது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது, இந்த மாதங்களில் இப்படித்தான் இருக்கும். முன்னால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திவாரி சார் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். போர்ட் பிளேரிலிருந்து வந்த அதிகாரி, நல்ல மனுஷன், அதுதான் இன்னும் கஷ்டம். காலையில் வரும்போது வாந்தி எடுத்து வெளிறிப்போயிருந்தவர் இப்போது தெம்பாக இருந்தார், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் படகோட்டிக்கும் லூக்காஸுக்கும் யோகராசாவுக்கும் நீட்டிவிட்டுத்தான் தனக்கு ஒன்று எடுத்தார். வேலை முடிந்துவிட்ட மனுஷனின் முகம் அது. முடித்துக் கொடுத்தது யார், நீதானே. இரண்டே வார்த்தை. இல்லை, சார். ஒரு ஈயை ஓட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. பிஸ்கட் கரையாமல் மாவாக அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தான், போகவில்லை.

கூட்டம் தகரக் கொட்டகைகளுக்கு நடுவே ஜெபக்கூடத்து நிழலில் நடந்தது. கடல் பொங்கித் தீவின் பூர்வகுடி ஊர்களை எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியவர்களை அரசாங்கம் கொண்டுவந்து வைத்த இடம், தற்காலிகம் என்று சொல்லித்தான் வைத்தார்கள், அன்றைக்குப் பிறந்த பிள்ளைகள் இன்றைக்குப் பிள்ளை பெற்றுவிட்டார்கள். கிழவர்களும் பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். திவாரி சார் இந்தியில் சொன்னதை யோகராசா அவர்கள் பாஷையில் சொன்னான். மேற்குக் கரையில் படகுத்துறை வரும், ரோடு வரும், பெரிய கப்பல் வந்து நிற்கும், வெளியாட்கள் தங்க விடுதி வரும், அந்தக் கரையில் இப்போது குடியிருப்பு இல்லை, ஆகவே யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று நினைக்கிறோம், ஊர் என்ன சொல்கிறது. அதுவரை ஒரு பிசகும் இல்லை. இடைஞ்சல் என்பதற்குக்கூட, மீன் வலை பாறையில் மாட்டிக்கொள்வதற்கு அவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்களே, அதைத் தேடிப் பிடித்துப் போட்டான். போட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு லூக்காஸ் எழுந்தான். ஊர்த் தலைவன் அவன்தான், தலைவனுக்கு அங்கே கேப்டன் என்று பெயர், எந்தக் காலத்துக் கப்பல்காரனோ வைத்துவிட்டுப் போனது, அப்படியே நின்றுவிட்டது. அவன் பேசியது கொஞ்சம்தான். அந்தக் கரையை நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை, கடல் உள்ளே வந்தது, அதனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறோம், செத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், மேட்டுத் தென்னைகள் மறுபடியும் காய்க்கின்றன, நாங்கள் திரும்பிப் போவோம், அங்கே ரோடு வேண்டாம். இவ்வளவையும் இன்றைக்கு மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில் சொன்னான். திவாரி சார் யோகராசாவைப் பார்த்தார். ‘அந்த இடத்து மேல அவங்களுக்குப் பாசம் இருக்கு சார், செத்தவங்க நினைப்பு இருக்கு, யோசிச்சுச் செய்யணும்ங்கிறாங்க.’ இதில் எந்தச் சொல் பொய்? பாசம் இருக்கிறதா, இருக்கிறது. செத்தவர்கள் நினைப்பு, இருக்கிறது. யோசிச்சு என்பது மட்டும் எங்கிருந்து வந்தது, லூக்காஸ் வாயில் அது வரவில்லையே, வேண்டாம் என்று வந்தது, அந்த வேண்டாம் இவன் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே எங்கேயோ யோசிச்சு என்று ஆகிவிட்டது. சரி, அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. திவாரி சார் தலையை ஆட்டிக்கொண்டே, ‘புரியுது. ஆனா எதிர்ப்புன்னு ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டார். அந்த இடத்தில் கழுத்தைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பி, லூக்காஸ், எதிர்ப்பு உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்து திரும்பவில்லை. இல்லை, சார். லூக்காஸ் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், தான் சொன்னதைத்தான் இவன் சொல்கிறான் என்று.

யாராவது கேட்டார்களா, அதுதான் பிடிபடவில்லை. திவாரி சார் இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று ஒரு கண்ஜாடைகூடக் காட்டவில்லை. காலையில் வரும்போது வாந்திக்கு நடுவே, இந்த வேலை ஆரம்பித்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வாய்ப்பு என்று பொதுவாகச் சொன்னார், எல்லா அதிகாரிகளும் சொல்வதுதான். அதைக் கேட்டதும் நிஷாந்தினி முகம் வந்தது. போர்ட் பிளேருக்கு அனுப்பிப் பாலிடெக்னிக் படிக்கவைத்த ஒரே மகள், கட்டட வேலைப் படிப்பு, இந்தத் தீவில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது, ஜெட்டி பக்கத்துக் கடையில் செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாயங்காலம் வந்தால் பேசுவதில்லை. ஆனால் கூட்டத்தில் அவள் ஞாபகம் வந்ததா? வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அப்படியானால் எதற்காகச் சொன்னாய். அதிகாரியின் களைத்த முகத்துக்காகவா, கேட்டவுடன் ஆமாம் இல்லை என்று அவருக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிற வாய்ப் பழக்கமா, அது அப்பாவிடமிருந்து வந்ததா, தோட்டத்தில் கங்காணியிடம் அவர் அப்படித்தான் நிற்பார், சொல்லுங்க ஐயா, ஆமாங்க ஐயா. அப்பா இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர், அவருடைய அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அங்கே போனவர். இரண்டு சர்க்கார் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டு, நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று கப்பலேற்றி அனுப்பினார்கள், இந்தியக் கரையில் இறங்கினால் உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு இன்னொரு கப்பலில் ஏற்றி இந்தத் தீவில் ரப்பர் போடச் சொன்னார்கள். மூன்று கடல் பார்த்த குடும்பம். யாராவது ஒரு தடவையாவது எங்களிடம் எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்களா. இல்லை. இந்த நினைப்பு வந்ததும் யோகராசாவுக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது, மூச்சு விட்டான், அந்த ஆறுதலின் அடியிலேயே ஒரு முள் இருந்தது. கேட்கப்படாதவன் வலி தெரிந்த நீ, கேட்கப்பட்டவன் பதிலை மாற்றினாய்.

தேதி வேறு உறுத்தியது. அதை நினைக்கவே கூடாது என்று கடலைப் பார்த்தான், பறக்கும் மீன்கள் இரண்டு மூன்று வெயிலில் மின்னிக்கொண்டு போய் விழுந்தன, தேதி வந்துவிட்டது. லூக்காஸின் ஊரில் படித்த பையன்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், இந்தி மட்டுமல்ல, இங்கிலீஷும் பேசுவார்கள், அவர்கள் இருந்திருந்தால் இவன் வாய் அப்படிப் புரண்டிருக்காது, புரண்டாலும் எழுந்து நின்று அதட்டியிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் பக்கத்துத் தீவில் ஓடப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். போவார்கள் என்று இவனுக்குத் தெரியும், லூக்காஸே சொல்லியிருந்தான். எந்த நாள் வசதி என்று திவாரி சார் போனில் கேட்டபோது கடல் அமைதியாக இருக்கும் நாளைத்தான் இவன் சொன்னான். அந்த நாளும் பந்தயத்து நாளும் ஒன்றாகப் போனது, பந்தயமும் கடல் அமைதியான நாளில்தானே வைப்பார்கள், இதில் என்ன சூது. சூது இல்லை. இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான், சொல்லச் சொல்ல அந்த இல்லையும் காலையில் சொன்ன இல்லையைப்போலவே கேட்டது, அதே குரல், அதே வேகம்.

லூக்காஸ் மடியில் ஓலைக் கூடை ஒன்று வைத்திருந்தான். ஜெட்டி ஆஸ்பத்திரியில் அவன் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, அதைப் பார்க்கத்தான் இந்தப் படகில் வந்தான், கூடையில் தாழம்பழத்தை வேகவைத்து வழித்துப் பிசைந்து செய்கிற ரொட்டி, மஞ்சளாக, கொஞ்சம் புளிப்பும் இனிப்புமாக. அதில் ஒரு துண்டைப் பிட்டு யோகராசாவின் கையில் வைத்தான், கேட்டுக் கொடுப்பதில்லை, வைத்துவிடுவான். யோகராசா முதன்முதலில் அதைத் தின்றது நினைவுக்கு எட்டாத வயசில். ரப்பர் கன்று நடுவதற்காக இவர்கள் லூக்காஸ் ஆட்களின் காட்டைத்தான் வெட்டினார்கள், யோகராசாவின் அம்மா சொல்வாள், வெட்டுகிற சத்தம் கேட்டு அவர்கள் வந்து மரத்தடியில் நின்று பார்த்தார்களாம், சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று இவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, மறுநாள் அரிசிக் கப்பல் வராத செய்தி எப்படியோ தெரிந்து கிழங்கும் இந்த ரொட்டியும் கொண்டுவந்து வரிசை வீடுகளாக நின்ற லயத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். வந்தவன் எல்லாரும் கொஞ்ச நாளில் போய்விடுவான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. டென்மார்க்கிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொடியோடு வந்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், கல்லறையைக் காடு மூடிவிட்டது. இங்கிலீஷ்காரன் வந்தான். ஜப்பான்காரன் வந்து சவுக்கால் அடித்து மண் சுமக்கவைத்தான், அவனும் போனான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதைக் கேட்டுவிட்டு யோகராசா ஒருநாள் ஓடிப்போய் லூக்காஸிடம் பெருமையடித்தான், உங்கள் தீவுகளுக்கு மாநக்கவாரம் என்று பெயர், எங்கள் சோழ ராசா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பிடித்துவிட்டார், தஞ்சாவூரில் கல்லில் வெட்டியிருக்கிறது என்று. லூக்காஸ் நண்டுக் கயிறு திரித்துக்கொண்டே, ‘உங்க ராசா இங்க எத்தனை மழைக்காலம் இருந்தார்?’ என்று கேட்டான். தெரியாது என்றான் யோகராசா. ‘நீ இரு,’ என்றான் லூக்காஸ். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோகராசா அதைத் தின்னவும் முடியாமல் கடலில் போடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

இருந்தான், யோகராசா இருந்தான். கடல் வந்த காலையில்கூட இருந்தான், மேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டு. தோட்டத்து லயங்கள் தீவின் நடு மேட்டில் இருந்ததால் அங்கே தண்ணீர் ஏறவில்லை, அவர்கள் ஊர்கள் கரையில் இருந்ததால் ஒன்றும் மிச்சமில்லை. நிலம் குலுங்கிக் கோப்பையெல்லாம் பால் சிந்தியதும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான், பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம், மலை உருளுகிற மாதிரி. கீழே ஓடினானா? இல்லை. ஓடவில்லை. தண்ணீர் போன பிறகு, எல்லாரும் சேர்ந்து, மெதுவாகத்தான் இறங்கினார்கள். லூக்காஸ் ஒரு தென்னையின் உச்சியில் இருந்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எங்கேயும் இல்லை. அதைப்பற்றி அவன் யோகராசாவிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினான், சின்னவன் கையைப் பிடித்திருந்தேன், வழுக்கிவிட்டது என்று, அதுவும் அவர்கள் பாஷையில் நழுவின மீனுக்குச் சொல்கிற சொல்லால். ஓடாமல் நின்றதற்கு அவன் இவனைக் குறை சொன்னதில்லை, யார்தான் ஓடியிருப்பார்கள். அதற்குப் பிறகு தோட்டமும் மூடிவிட்டது. மரம் கிடக்கிறது, பால் வெட்ட ஆளில்லை, இவர்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கப்பலேறுகிறார்கள், தீவில் நம்மவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம், ரோடு வந்தால் நம் ஆட்கள் பிழைப்பார்கள், இதுவும் உண்மைதானே, நம் ஆட்களும் மனுஷர்தானே. உண்மைதான். ஆனால் அதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாமே. லூக்காஸ், எங்களுக்கு ரோடு வேண்டும் என்று அவன் முகத்தைப் பார்த்து, அவன் பாஷையில் சொல்லியிருக்கலாம், அவன் கேட்டிருப்பான், சண்டை போட்டிருப்பான், மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். அதைச் செய்யாமல் அவன் வாய்க்குள் கையை விட்டு நாக்கைத் திருகினாய். யோகராசா ரொட்டியை அப்படியே வாயில் போட்டு மென்றுவிட்டான், அவசரமாக, யாரோ பிடுங்க வருவதுபோல.

மேற்குக் கரை வந்துவிட்டது. பாறைத் திட்டுக்காகப் படகோட்டி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தான், திடீரென்று அவ்வளவு சத்தமும் அடங்கியதும் கரை மிகப் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அன்றைய குலுக்கலில் நிலமே ஆளுயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால் பழைய ஊர் தண்ணீருக்குள் இருந்தது. தலை போன தென்னைகள் கடலுக்குள் நட்டுவைத்த கம்பங்களாக நின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. அதற்குப் பின்னால் மேடு, மேட்டில் இளந்தென்னைகள் பச்சையாக. லூக்காஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். திவாரி சாரைத் தொட்டு, மேட்டைக் காட்டி, தன் பாஷையில் பேசினான். முதலில் நாலு வீடு அங்கே கட்டுவோம், கிணறு பழையதே இருக்கிறது, அடுத்த வறட்சிக் காலத்தில் சார் வந்தால் பன்றி அடித்து விருந்து வைப்போம், சொல்லு. சொல்லு என்று யோகராசாவைப் பார்த்தான். யோகராசா, ‘ஊரைக் காட்டுறார் சார்,’ என்றான். திவாரி சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஆமாம், இங்கேதான் ஜெட்டி வரும், அந்த மேட்டில்தான் விடுதி, என்று காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு லூக்காஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு யோகராசாவிடம் சொன்னார், ‘இவ்வளவு இழந்தவங்க மனசார இடம் கொடுக்கிறது பெரிய விஷயம். நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.’

இதை யோகராசா நினைக்கவே இல்லை. காலையிலிருந்து ஒரு பக்கம் போகிற பொய்யையே நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்தவனுக்கு, அது திரும்பி இந்தப் பக்கமும் வரும், அதையும் தன் வாய்தான் சொல்ல வேண்டும் என்பது தோன்றவில்லை. லூக்காஸ் காத்துக்கொண்டிருந்தான். கை அதிகாரியின் கைக்குள், முகம் யோகராசாவின் பக்கம், பாதிச் சிரிப்போடு. இப்போதுதான் முதல் தடவையாக யோகராசா அந்த முகத்தைப் பார்த்தான், கிழடு தட்டியிருந்தது, எப்போது தட்டியது. சுலபம்தான், விருந்துக்கு வருகிறேன் என்கிறார் என்று சொல்லிவிடலாம், இரண்டு பேரும் சிரிப்பார்கள், படகு போய்விடும், ஜெட்டியில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம், ரோடு போடுகிற வண்டி வந்து இறங்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தப் பாஷையில் இவன் பொய்யே சொன்னதில்லை என்றும் இல்லை, பொடியனாக இருந்தபோது எத்தனையோ சொல்லியிருக்கிறான், திருடின நண்டு, உடைத்த துடுப்பு. வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துகூட விட்டது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

‘லூக்காஸ், நீ காலையில சொன்னதை நான் அவர்கிட்டச் சொல்லல.’

லூக்காஸுக்குப் புரியவில்லை. எதை, என்று கேட்டான்.

‘ரோடு வேண்டாம்னு நீ சொன்னதை. எதிர்ப்பு இருக்கான்னு கேட்டார். இல்லைன்னுட்டேன். உன்னைக் கேட்காம.’

தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது. லூக்காஸ் ஏன் என்று கேட்பான், கேட்டால் நிஷாந்தினியைச் சொல்வதா, அப்பாவைச் சொல்வதா, எதைச் சொன்னாலும் அது பாதிதான், என்று யோகராசாவின் மனசு அதற்குள் பதில்களைத் துழாவ ஆரம்பித்துவிட்டது. லூக்காஸ் கேட்கவில்லை. அவன் முகத்திலிருந்து அந்தப் பாதிச் சிரிப்பு போக நேரமானது, போகிற வழி தெரியாமல் அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு அவன் அதிகாரியின் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொண்டு இந்தியில் பேசினான். ஊர்க் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் வேற்றுப் பாஷை பேசக்கூடாது என்பது அவர்கள் கட்டு, அதனால்தான் யோகராசா தேவைப்பட்டான், மற்றபடி கொப்பரை வாங்க வரும் வியாபாரிகளிடம் பேரம் பேசுகிற அளவுக்கு அவனுக்கு இந்தி உண்டு, அதிகாரிகளின் வேகமான இந்திதான் பிடிபடாது. கோணல் மாணலான, விலை சொல்கிற இந்தி. ‘ரோடு வேணாம். இது எங்க இடம். நாங்க வருவோம். இங்க என் பிள்ளைங்க இருக்கு.’ கடைசியைச் சொல்லும்போது கையால் தண்ணீரைக் காட்டினான்.

திவாரி சார் யோகராசாவைத் திரும்பிப் பார்த்தார். ‘நீங்க இல்லைன்னு சொன்னீங்களே.’ யோகராசா தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். தப்பாகவா என்றார். இல்லை சார், மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றான். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிதவைச் சட்டையின் வாரைச் சரிசெய்துகொண்டு, மேட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் நான் மறுபடி வரவேண்டும், உங்களை வைத்து இல்லை, என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வருவாரா, அவரை வரவிடுவார்களா, அவர் இடத்தில் வேறு யாராவது வருவார்களா, யோகராசாவுக்குத் தெரியாது. ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டுமே என்று நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். இறங்கவில்லை, இடம் மாறியிருந்தது. லூக்காஸிடம் ஏதாவது சொல்ல வேண்டும், இந்தத் தடவை அவன் பாஷையிலேயே, மன்னிப்புக்கு அந்தப் பாஷையில் தனிச் சொல் கிடையாது, என்னை அடி என்றுதான் சொல்வார்கள், அதைச் சொல்ல எழுந்தான். எழுந்தபோது திட்டைத் தாண்டிவிட்ட படகோட்டி எஞ்சினை முடுக்கினான், படகு முன்னால் பாய, யோகராசா கால் இடறிப் பக்கவாட்டில் சாய்ந்தான். விழாமல் ஒரு கை முழங்கையைப் பிடித்தது. லூக்காஸின் கைதான். பிடித்து நிறுத்தி, பலகையைக் காட்டி, அவன் இந்தியில் சொன்னான், வியாபாரிகளிடமும் அதிகாரிகளிடமும் பேசுகிற அதே மரியாதையான இந்தியில்:

‘நீங்க உட்காருங்க.’

யோகராசா உட்கார்ந்தான்.